ஊசிக்கு முந்திய ஏடு: கொரோனா தடுப்பூசியும் அதற்குப் பின்னால் இருக்கும் தரவுத்தளங்களும்

“பத்து வருசம் ஆகுற ஊசிய பத்து மாசத்துல எப்புடிச் செஞ்சாக?”

2021-ல் ராமநாதபுரம் கரையில் பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை என்று தடுப்பூசி முகாம் போட்ட இடமெல்லாம் கேட்ட கேள்வி இது. புதிய திரிபு ஒன்று செய்தியில் அடிபடும்போதெல்லாம் மறுபடி தலைதூக்குகிறது. கேட்பதில் தப்பில்லை. கொரோனாவுக்கு முன்பு மிக விரைவாக வந்தது என்று சொல்லப்படும் பொன்னுக்குவீங்கி ஊசிக்கே நான்கு ஆண்டு பிடித்தது. 1967-ல்தான் அதற்கு உரிமம் கிடைத்தது.

பதிலாக இரண்டு கதைகள் உலவுகின்றன. சோதிக்காமலே குத்திவிட்டார்கள் என்பது ஒன்று. கணினி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. ஊசி செய்ய உட்கார்ந்த நாளில், அடிப்படை வேலையில் பெரும்பங்கு ஏற்கெனவே முடிந்து, எண் போட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அந்த அடுக்குகளுக்குப் பெயர்தான் உயிர்தகவலியல் தரவுத்தளங்கள் (உயிரியல் தரவைக் கணினியில் சேர்த்து ஒப்பிடும் துறை உயிர்தகவலியல்). அவற்றில் என்ன இருக்கிறது, அவை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

கிருமிக்கு ஒரு ஏடு

மண்டபம் கேம்ப் என்ற பெயரில் உள்ள ‘கேம்ப்’ எப்படி வந்தது என்று இந்தக் கரையில் பெரியவர்களுக்குத் தெரியும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை அங்கே சில நாள் தங்கவைத்து, காலராவோ அம்மையோ இல்லை என்று பார்த்த பிறகே தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். அன்று ஏட்டில் ஏறியது ஆளின் பெயரும் ஊரும்தான். கிருமியின் அங்க அடையாளத்தை எழுதிவைக்க வழியே இல்லை.

இப்போது வழி இருக்கிறது. கொரோனா வைரஸுக்குள் இருப்பது ஆர்.என்.ஏ. என்ற ஒற்றை இழை. அது நான்கே எழுத்துகளால் ஆனது. தரவுத்தளத்தில் ஏ, டி, ஜி, சி என்று பதிவார்கள் (ஆர்.என்.ஏ.வில் உண்மையில் டி-க்குப் பதில் யு, பதிவேட்டு வழக்கம் டி). இழையை இப்படி எழுத்து எழுத்தாக வாசித்து எழுதுவதுதான் மரபணு வரிசைப்படுத்தல். வூஹான் நோயாளியிடம் எடுத்து வாசிக்கப்பட்ட வைரஸ் ஏ-டி-டி-ஏ-ஏ-ஏ-ஜி-ஜி என்று தொடங்கி 29,903 எழுத்து நீள்கிறது. கோப்பாகச் சேமித்தால் சுமார் 30 கே.பி. விடிந்ததும் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ‘இனிய காலை வணக்கம்’ படம்கூட இதைவிடக் கனம்.

ஷாங்காயில் ஜாங் யோங்ஜென் குழுவுக்கு மாதிரி வந்தது 2020 ஜனவரி 3. ஐந்தாம் தேதி வரிசை கையில். சீன நேரப்படி 11-ம் தேதி, சிட்னியில் இருந்த வைரஸ் ஆய்வாளர் எட்வர்டு ஹோம்ஸ் மூலம் அது எல்லோரும் பார்க்க இணையத்தில் ஏறியது. மறுநாள் அந்த ஷாங்காய் ஆய்வகத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது என்பது இந்தக் கதையின் கசப்பான பகுதி. ஆனால் ஏறிய எழுத்து ஏறியதுதான்.

அந்த 29,903-ல் ஊசிக்காரர்களுக்கு வேண்டியது ஒரு துண்டு: 21,563-ம் எழுத்திலிருந்து 25,384-ம் எழுத்து வரை. மொத்தம் 3,822. மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) என்பது கணக்கு. வகுத்தால் 1,274 வரும். கடைசி மூன்றெழுத்து ‘இத்தோடு நிறுத்து’ என்ற குறி. மிச்சம் 1,273 அமினோ அமிலம் கோத்ததுதான் ஸ்பைக் புரதம். வைரஸின் மேலே முள்ளாக நீட்டிக்கொண்டு, நம் செல்லில் உள்ள ஏ.சி.இ.-2 என்ற பிடியைப் பற்றி உள்ளே நுழைவது இதுதான். பெரும்பாலான கொரோனா ஊசிகள் இதை உடலுக்கு முன்கூட்டியே காட்டிவைக்கின்றன.

படகு எண்ணும் பதிவு எண்ணும்

ராமேசுவரம் துறையில் நிற்கும் விசைப்படகு ஒவ்வொன்றிலும் ஐ.என்.டி.-டி.என். என்று தொடங்கும் எண் எழுதியிருக்கும். உரிமையாளர் மாறலாம், பெயிண்ட் மாறலாம். கடலில் எங்கே பிடிபட்டாலும் அந்த எண்ணை வைத்து இன்ன படகு என்று சொல்லிவிடலாம். மரபணு வரிசைக்கும் அப்படி ஓர் எண் உண்டு. மேலே சொன்ன வூஹான் வரிசையின் எண் எம்.என்.908947.

இந்த எண்ணைக் கொடுப்பது ஜென்பேங்க். 1982-ல் அமெரிக்காவில் தொடங்கியது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இதற்கு இணையான கிடங்குகள் உண்டு. மூன்றும் தினமும் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. ஓரிடத்தில் போட்டால் மூன்றிடத்திலும் கிடைக்கும். பார்க்கப் பணமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்து ஒரு சின்ன எண் வரும். அது பதிப்பு. இந்த வைரஸின் முதல் பதிப்பில் 30,473 எழுத்து இருந்தது. பிழை திருத்தி, மூன்றாம் பதிப்பில்தான் 29,903 ஆனது. திருத்தியவர்கள் பழையதை அழிக்கவில்லை. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று இன்றும் பார்க்கலாம். ஒரு பதிவேட்டை நம்பலாமா என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் கொரோனாவோடு வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். தொண்டிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்கள் குஞ்சு வாங்கும்போது முதலில் கேட்பது “பி.சி.ஆர். பாத்த குஞ்சா?” என்றுதான். வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்ற அந்தச் சோதனை, வைரஸின் எழுத்துவரிசையில் இருந்து இருபது எழுத்துப் போலச் சிறு துண்டுகளை எடுத்துத் தூண்டிலாகப் போடுகிறது. அந்த வரிசை இருப்பது இதே ஜென்பேங்கில். இறாலுக்கு வரும் மஞ்சள்தலை வைரஸோ வகைப்பாட்டில் கொரோனாவுக்குத் தூரத்துப் பங்காளி. இரண்டும் நிடோவைரஸ் என்ற ஒரே பெரும்பிரிவுக்குள் அடங்கும். இறாலுக்கு ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் சுரக்காது என்பதால் நமக்குப் போடுவது போன்ற ஊசி அதற்கு இல்லை என்பது வேறு விஷயம்.

எந்தக் கிடங்கில் என்ன சரக்கு

1. ஜிசெய்ட். கொரோனா வரிசைகள் அதிகம் குவிந்திருக்கும் இடம். 1.5 கோடிக்கும் மேல். இது பிறந்த கதை ஒரு கோபத்தின் கதை. 2006-07-ல் இந்தோனேசியாவில் பறவைக்காய்ச்சல் மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்ப மறுத்தார். எங்கள் நாட்டு வைரஸை வாங்கிப்போய் வெளிநாட்டு கம்பெனி ஊசி செய்யும், அந்த ஊசியை வாங்க எங்களால் முடியாது என்பது அவருடைய வாதம். மீனை இறக்கிக் கொடுத்துவிட்டு வியாபாரி விலை சொல்லக் காத்திருக்கும் மீனவருக்கு இந்தக் கோபத்தை விளக்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு நடுவழியாக 2008-ல் ஜிசெய்ட் வந்தது. வரிசையைப் பார்க்கலாம், ஆனால் பெயர் பதிய வேண்டும், பயன்படுத்தினால் கொடுத்த ஆய்வகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், பிறருக்குப் பிரதி கொடுக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளை நம்பித்தான் பல ஏழை நாடுகள் கொரோனா வரிசைகளைக் கொடுத்தன. அதே நிபந்தனைகள் ஆய்வாளர்களுக்குக் கைவிலங்காகவும் இருந்தன. 2023-ல் அதன் நிர்வாகம் குறித்தே கடுமையான கேள்விகள் எழுந்தன. என் கணக்கில், குறை இருந்தாலும் இது இல்லாமல் இத்தனை வரிசைகள் வெளியே வந்திருக்காது.

2. யூனிபுரோட். புரதங்களின் ஜாதகம். ஸ்பைக்கின் எந்தப் பகுதி எந்த வேலை செய்கிறது, எங்கே வெட்டுப்படுகிறது, எங்கே சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் தொகுத்து வைத்திருப்பார்கள்.

3. புரோட்டீன் டேட்டா பேங்க். 1971-ல் ஏழே ஏழு புரதங்களோடு தொடங்கியது. இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல். எழுத்து இங்கே உருவமாகிறது. ஒவ்வோர் அணுவும் எந்த இடத்தில் நிற்கிறது என்ற முப்பரிமாணக் கணக்கு இதில் இருக்கும். ஊசியின் கதையில் முக்கியமான திருப்பம் இங்கேதான். அதைத் தனியாகப் பார்ப்போம்.

4. ஐ.இ.டி.பி. ஒரு புரதம் முழுவதையும் நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. அதில் சில சிறு துண்டுகளைத்தான் பிடித்துக்கொள்ளும். எபிடோப் என்று பெயர். எந்தத் துண்டு, யார் உடலில், எந்தச் சோதனையில் பிடிபட்டது என்ற தொகுப்பு இது. 2003-ல் பரவிய சார்ஸ் வைரஸில் செய்த சோதனைகள் ஏற்கெனவே இதில் இருந்தன. சார்ஸுக்கும் புதிய வைரஸுக்கும் எழுத்தில் சுமார் 79 விழுக்காடு ஒற்றுமை. அதனால் 2020 தொடக்கத்திலேயே கலிபோர்னியாவின் லா ஹோயா நிறுவனத்து ஆய்வாளர்கள் எந்தத் துண்டுகள் பிடிபடும் என்று கணித்தார்கள். அத்தோடு விடவில்லை. குணமானவர்களின் ரத்தத்தில் வைத்து அதைச் சரிபார்த்தார்கள்.

வீச்சு வலையும் இரண்டு புரோலினும்

வீச்சு வலையைத் தோளிலும் கையிலும் மடித்துப் போட்டுக்கொண்டு அலைக்குள் நிற்பவரைப் பார்த்திருப்பீர்கள். வீசியபின் அந்த வலையின் உருவமே வேறு. ஸ்பைக் புரதமும் அப்படி. செல்லைத் தொடும்வரை மடிந்த உருவம். தொட்டதும் பாய்ந்து விரிந்து நீண்டுவிடும். விரிந்தபின் அடையாளம் கண்டு பயனில்லை. மடிந்த நிலையில் அது எப்படி இருக்கும் என்று உடல் பழகினால்தான் ஆன்டிபாடி நுழைவதற்கு முன்பே மறிக்கும். சிக்கல் என்னவென்றால், ஆய்வகத்தில் ஸ்பைக்கைத் தனியாகச் செய்தால் அது தானாகவே விரிந்துகொள்ளும் குணமுடையது.

இதற்கு முடிச்சு போடும் வழி கிடைத்தது கொரோனா ஊசிக்காக நடந்த ஆராய்ச்சியில் இல்லை. அதற்கு மூன்றாண்டு முன்பு, மெர்ஸ் ஆராய்ச்சியில். 2012-ல் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட, ஒட்டகத்திலிருந்து வரும் கொரோனா வகை அது. கீழக்கரை, பெரியபட்டினம் வீடுகளில் வளைகுடாவுக்குப் போனவர்கள் ஏராளம் என்பதால் அந்தப் பெயர் இங்கே காதுக்குப் புதிதல்ல. அறியப்பட்ட நோயாளிகளில் மூவரில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் பெரிதாகப் பரவவில்லை. சந்தையும் இல்லை, எனவே ஊசியும் வரவில்லை. ஆராய்ச்சி மட்டும் மிஞ்சியது, அதன் தரவும் மிஞ்சியது.

2016-ல் எச்.கே.யு.-1 என்ற சாதாரணச் சளிக் கொரோனாவின் ஸ்பைக் உருவம் வெளிவந்தது. அதைப் பார்த்து அமெரிக்க ஆய்வாளர்கள் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் ஆகியோரின் குழுக்கள் மெர்ஸ் ஸ்பைக்கில் 1060, 1061-ம் இடங்களில் உள்ள அமினோ அமிலங்களை எடுத்துவிட்டுப் புரோலின் என்ற விறைப்பான அமினோ அமிலத்தை வைத்தார்கள். கீல் விறைத்தது; ஸ்பைக் மடிந்த நிலையிலேயே நின்றது. 2017-ல் இது வெளியானது.

2020 ஜனவரியில் புதிய வைரஸின் வரிசை வந்தது. மெர்ஸ் ஸ்பைக்கின் எழுத்தை மேலேயும் புதியதன் எழுத்தைக் கீழேயும் வைத்து ஒப்பிட்டார்கள். வரிசை ஒப்பீடு என்ற இந்த வேலைதான் உயிர்தகவலியலின் அன்றாட உழைப்பு. மெர்ஸின் 1060, 1061-க்கு நேர் கீழே வந்த இடங்கள் 986, 987. அங்கே இரண்டு புரோலின். ஜனவரி 13-ல் அமெரிக்காவின் மாடர்னா நிறுவன ஊசிக்கான வரிசை முடிவானது. பிப்ரவரியில் அந்த ஸ்பைக்கின் உருவம் வெளியானது. மார்ச் 16-ல் சியாட்டிலில் முதல் தன்னார்வலர் கையில் ஊசி.

ஜனவரி 11 முதல் 13 வரையிலான இந்த இரண்டு நாளைத்தான் ‘கணினி செய்த ஊசி’ என்கிறார்கள். ஆனால் அதே ஊசி, முப்பதாயிரம் பேருக்கு மேல் சோதித்து அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்றது டிசம்பர் 18-ல். வடிவமைக்க இரண்டு நாள், மனிதரில் சோதிக்க ஒன்பது மாதம். சோதனைக் கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி நடத்தினார்கள். முடிவு தெரியுமுன்பே அரசுப் பணத்தில் உற்பத்தி தொடங்கியது. நோய் பரவிக்கொண்டே இருந்ததால் பலன் சீக்கிரம் தெரிந்தது. இவை எதிலும் தரவுத்தளத்துக்குப் பெரிய பங்கில்லை.

நம் கரையில் போட்ட ஊசிகள்

இங்கே பெரும்பாலோர் போட்டது கோவிஷீல்டு, கோவேக்சின். இரண்டும் தரவுத்தளத்தை ஒரே அளவில் நம்பியவை இல்லை.

கோவிஷீல்டு, சிம்பன்சியின் சளி வைரஸ் ஒன்றை வலுவிழக்கச் செய்து அதில் ஸ்பைக்கின் மரபணுவை ஏற்றியது. வரிசை இல்லாமல் இதைச் செய்ய முடியாது. ஆனால் மேலே சொன்ன இரண்டு புரோலின் இதில் கிடையாது. 2022 மார்ச்சில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கிய கார்பிவேக்ஸ், ஸ்பைக்கில் செல்லைப் பற்றும் பகுதியை மட்டும் ஈஸ்ட்டில் வளர்த்துச் செய்தது. அதற்கும் வரிசை வேண்டும்.

கோவேக்சின் கதை வேறு. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் பிரித்தெடுத்த உயிருள்ள வைரஸை வளர்த்து, ரசாயனத்தால் செயலிழக்கச் செய்து, முழுசாகக் கொடுத்தார்கள். வளர்த்த வைரஸ் எதுவென்று உறுதிசெய்ய வரிசை உதவியது. ஊசியை வடிவமைக்க அது தேவைப்படவில்லை. எல்லாம் தரவுத்தளத்தால்தான் என்று எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சீட்டில் ஊர்ப்பெயர் இல்லாவிட்டால்

ஊசி வந்தபின் தரவுத்தளத்தின் வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. வைரஸ் எழுத்துப்பிழையோடு பெருகிக்கொண்டே இருக்கிறது. டெல்டா முதலில் கண்டறியப்பட்டது இந்தியாவில். 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா அறிவித்த ஒமிக்ரானின் ஸ்பைக்கில் மட்டும் முப்பதுக்கும் மேல் மாற்றங்கள். 2023-ல் எக்ஸ்.பி.பி.1.5, 2024-ல் ஜே.என்.1 என்ற ஒமிக்ரான் கிளைகளுக்கு ஏற்ப ஊசியின் சரக்கை மாற்றச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் குழு பரிந்துரைத்ததற்கு, உலகெங்கும் ஏறிய வரிசைகளே ஓர் அடிப்படை.

மண்டபத்தில் ஒருவர் மூக்கிலிருந்து எடுத்த மாதிரி அந்தக் குவியலுக்குப் போகும் வழி நீளமானது. முதலில் ஆர்.டி.பி.சி.ஆர். அதில் வைரஸ் போதிய அளவு இருந்தால்தான் வரிசைப்படுத்த முடியும். குளிர் கெடாமல் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். இந்தியாவில் இதற்காக 2020 டிசம்பரில் பத்து ஆய்வகங்களைச் சேர்த்து இன்சாகாக் கூட்டமைப்பு தொடங்கியது. தமிழ்நாட்டு மாதிரிகள் பெங்களூருவுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2021 செப்டம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் மாநில அரசின் மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் வந்தது.

வரிசையோடு ஒரு சீட்டும் போக வேண்டும்: எடுத்த தேதி, ஊர், வயது, ஊசி போட்டவரா, மருத்துவமனையில் சேர்ந்தவரா. ஜிசெய்டில் இடத்துக்கான வரியில் கண்டம், நாடு, மாநிலம், மாவட்டம் என்று சாய்வுக்கோடு போட்டு எழுதிக்கொண்டே போகலாம். ‘ஆசியா / இந்தியா / தமிழ்நாடு’ என்பதோடு நின்றுபோன சீட்டுகள் உண்டு. அப்படி நின்றால், இந்தத் திரிபு ராமேசுவரத்துக்குக் காசி யாத்திரிகர்களோடு ரயிலில் வந்ததா, மதுரைச் சந்தையிலிருந்து வந்ததா என்ற கேள்வியைக் கேட்கவே முடியாது. 29,903 எழுத்தும் சரியாக இருந்தும், ஒரு சொல் இல்லாததால் அது பாதிப் பதிவு.

இன்னொரு இடைவெளி நம் உடலைப் பற்றியது. எபிடோப் துண்டுகளை செல்லின் மேல் எடுத்து நீட்டும் தட்டு போன்ற புரதங்களுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். அவை ஆளுக்கு ஆள், சமூகத்துக்குச் சமூகம் வேறுபடும். தரவுத்தளங்களில் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டது ஏ-02:01 என்ற வகை. ஐரோப்பியரிடம் அது மிகுதி. இந்தியாவில் அதன் உடன்பிறப்பு போன்ற ஏ-02:11 கூடுதலாகத் தென்படுகிறது. முழு ஸ்பைக்கைக் கொடுக்கும் ஊசியில் இது பெரிய குறையாகாது. வேண்டிய துண்டை உடலே தேர்ந்துகொள்ளும். சில துண்டுகளை மட்டும் கணினியில் பொறுக்கிச் செய்யும் ஊசியில் இது தலையாய பிரச்சினை.

‘கணினியில் தடுப்பூசி’ என்று செய்தி வந்தால்

2020-லிருந்து இப்படிச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. இலவசத் தரவும் ஒரு மடிக்கணினியும் இருந்தால் எபிடோப்புகளைக் கோத்து ஒரு ‘ஊசி’ வரைந்துவிடலாம், கட்டுரையும் வெளிவரும். பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிட்டன. படிக்கும்போது கேட்க வேண்டியவை:

1. யாராவது அதைச் சோதனைக் குழாயில் செய்து பார்த்தார்களா? எலிக்குப் போட்டார்களா? இல்லையென்றால் அது வரைபடம் மட்டும். கணினியில் வடிவமைத்த புரதத்தால் ஆன ஊசி மெய்யாகவே உண்டு: தென்கொரியா 2022 ஜூனில் அனுமதித்த ஸ்கைகோவியோன். அதுவும் விலங்கு, மனிதர் என்று எல்லாச் சோதனைப் படியும் ஏறித்தான் வந்தது.

2. எந்த மக்களின் எச்.எல்.ஏ.வைக் கணக்கில் எடுத்தார்கள்?

3. ‘எல்லாக் கொரோனாவுக்கும் ஒரே ஊசி’ என்றால், எந்த வைரஸ்களை ஒப்பிட்டார்கள்? மனிதரைத் தொற்றுபவை என்று அறியப்பட்டவை ஏழு. வௌவால், ஒட்டகம் தவிர, ஓங்கிலில்கூட (டால்பின்) ஒரு கொரோனா வகை பதிவாகியிருக்கிறது. நம் கடலில் துள்ளும் ஓங்கிலைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். அது மனிதருக்கு வருவதற்கான அறிகுறி இல்லை. ஆனால் இந்தத் தூரத்துப் பங்காளிகள் எல்லாவற்றிலும் மாறாமல் நிற்கும் பகுதி எது என்று தேடினால்தான் பொது ஊசிக்கான இடம் அகப்படும்.

4. பதிவு எண் கொடுத்திருக்கிறார்களா? எண் இருந்தால் சரிபார்க்கலாம். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி நூலகக் கணினியில் எம்.என்.908947 என்று தட்டினாலும் அந்த வூஹான் பதிவு திறக்கும். வரிக்கு அறுபது எழுத்தாக, பத்துப் பத்தாகப் பிரித்து 29,903 எழுத்தும் வரும். கடைசி 33 எழுத்தும் ஏ.